போனை டப்பாவில் போட்டால் தப்பு குறையுமா?

கெடிலக்கரை:
கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல அசிஸ்டென்ட்டா இருக்கேன். அரசு ஆபீஸ்ல அலுவலக உதவியாளர்னா முன்னாடி பியூன்னு சொன்ன வேலை. என்னுது அது இல்ல. டேலின்னு கணக்கு சாஃப்ட்வேர்ல பில் ஏத்துறது, தபால், பேங்க், வர்ற போன் எல்லாம் நான்தான். சரி, டீயும்தான்.

போன வாரம் ஒரு தப்பு பண்ணிட்டேன். கடலூர் கிளையன்ட் ஒருத்தர் பாண்டி பார்ட்டிக்குப் போட்ட பில். அவங்க ஜிஎஸ்டி நம்பர் 34ல ஆரம்பிக்கும், நம்ம பக்கம் 33. பஸ்ல ஏறினா ஒரு மணி நேரம்கூட ஆகாது, ஆனா கணக்குல அது வேற மாநிலம், ஐஜிஎஸ்டி. பில்லுல சரியாத்தான் இருந்துச்சு. நான் ஏத்தும்போது ஒரே மாநிலத்துக்குள்ள வித்த மாதிரி சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டின்னு பிரிச்சுப் போட்டுட்டேன். ஃபைல் பண்றதுக்கு முன்னாடி சார் கண்ணுல பட்டுச்சு, தப்பிச்சேன்.

மறுநாள் காலையில வாசல்ல ஒரு பிஸ்கட் டப்பா. எல்லாரும் போனை அதுல போட்டுட்டுத்தான் சீட்டுக்குப் போகணுமாம். ஆனா அந்த பில்லை ஏத்தும்போது என் கையில போனே இல்ல. பாதியில சார் ரூம்லேர்ந்து என்னைக் கூப்பிட பெல் அடிச்சாங்க, கூரியர்காரர் கையெழுத்து கேட்டாரு, "அப்படியே வர்றப்ப இதை ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துடும்மா"ன்னு ஒரு குரல். திரும்பி வந்தப்ப எந்த பில்லுல இருந்தேன்னே மறந்துபோச்சு. போனை வாங்கி வெச்சா இதெல்லாம் நிக்குமா?

நேரு வீதி கடைக்காரர்:
பாண்டியில ஹார்டுவேர் வியாபாரம். டப்பா வைக்கிற கட்சி நான். எங்க ஆபீஸ் ரூம்ல நாலு பேர். மணி பாக்கத்தான் போனை எடுக்கிறாங்க, கீழ வைக்கிறப்ப ரெண்டு ரீல்ஸ் ஓடி முடிஞ்சிருக்கும். அவங்களுக்கே தெரியாது. பெல் அடிச்சா எழுந்திரிக்கிறது உங்க வேலைம்மா. திரும்பி வந்து எந்த வரியில விட்டோம்னு பாக்காம ஏத்தினது யார் தப்பு? அதுக்குப் போய் சார் மேல பழி போடலாமா?

முந்திரிக்கொட்டை:
ஊர் பண்ருட்டி, வேலை பாண்டி. பேரைப் பாத்துட்டு யாரும் அவசரக்குடுக்கைன்னு சொல்லிடாதீங்க, ஊர்ப் பாசம்.

முதலாளி, ஒரு கேள்வி. உங்க நாலு பேருக்கும் வேலை எதுல சொல்றீங்க? வாட்ஸ்அப் குரூப்லதானே? எங்க ஆள் குரூப்ல "அர்ஜென்ட்"னு போடுவாரு. அஞ்சு நிமிஷம் கழிச்சு ரூமுக்கு வந்து "எப்பப் பாரு போனு"ம்பாரு. கிளையன்ட்கிட்ட ஓடிபி கேக்கணும்னா டப்பாகிட்டயா போய்க் கேக்கறது?

அக்கா சொல்ற விஷயத்துக்கு ஆய்வே இருக்கு. குளோரியா மார்க்னு கலிஃபோர்னியாவுல ஒரு பேராசிரியை. அவங்க குழு 2008ல வெளியிட்டது. இடையில குறுக்கிட்டா வேலை தாமதமாகும்னுதானே நினைப்போம்? சீக்கிரமா முடிச்சிருக்காங்க! விட்ட நேரத்தைப் பிடிக்க ஓடியிருக்காங்க. ஆனா மன அழுத்தம், எரிச்சல் ரெண்டும் கூடியிருக்கு. அக்கா ஓடின ஓட்டத்துலதான் 34, 33 ஆச்சு.

நேரு வீதி கடைக்காரர்:
தம்பி, சீக்கிரம் முடிச்சாங்கன்னு நீங்களே சொல்றீங்களே! அப்ப பெல் அடிக்கிறது நல்லதுதான்.

முந்திரிக்கொட்டை:
அதுல பாதியை மட்டும் எடுத்துக்கிட்டீங்க பாருங்க, அங்கதான் நீங்க முதலாளி.

மஞ்சக்குப்பம் பெரியவர்:
அரசுப் பணியில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி, அந்த ஆய்வில் வேலையின் தரமும் குறையவில்லை என்றுதான் நானும் படித்தேன். அதோடு அங்கே கொடுத்த வேலை மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது. பில் ஏற்றுவது வேறு. அதை வைத்து இந்தப் பெண்ணின் தவறுக்குக் காரணம் சொல்ல முடியாது.

எங்கள் காலத்தில் கைப்பேசி கிடையாது. கவனம் சிதறாமல் இருந்தோமா என்றால் அதுவும் இல்லை. பேச்சு, டீ, சங்கத் தேர்தல், பக்கத்து சீட்டுக்காரர் வீட்டுக் கல்யாணம். காப்பாற்றியது தன்பதிவேடு. காலையில் வந்த தபாலை அதில் பதிந்துவிட்டால், நடுவில் யார் கூப்பிட்டாலும் எது நிலுவை, எது முடிந்தது என்பது தாளில் இருக்கும். மூளையில் சுமக்க வேண்டியதில்லை.

அம்மா, உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். பில் ஏற்றியதும் அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு டிக். பாதியில் எழுந்தால் டிக் போடாமல், பில்லைக் குறுக்காகத் திருப்பி வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் அந்த பில்லை முதல் வரியிலிருந்து மறுபடி பாருங்கள். பெல்லை நிறுத்த உங்களால் முடியாது. அந்த வேலைக்குத்தான் உங்களை வைத்திருக்கிறார்கள்.

கெடிலக்கரை:
ஐயா, குறுக்கே திருப்பி வைக்கிறது நல்லா இருக்கு, நாளைக்கே செய்றேன். ஆனா கடைசி வரிதான் உறுத்துது. எல்லா நாளும் ஒரே மாதிரி இல்லையே. மாசா மாசம் கடைசித் தேதி இருக்கு: 7 டிடிஎஸ், 15 பிஎஃப், ஜிஎஸ்டி ரிட்டர்ன்ல 11 ஜிஎஸ்டிஆர்-1, 20 ஜிஎஸ்டிஆர்-3பி. 9, 10 தேதியில அடிக்கிற பெல்லும் 25ஆம் தேதி அடிக்கிற பெல்லும் ஒண்ணா?

முந்திரிக்கொட்டை:
அக்கா, பொமோடோரோன்னு ஒரு முறை. இத்தாலிக்காரர் ஒருத்தர் 1980கள்ல தக்காளி மாதிரி இருக்கிற கிச்சன் டைமரை வெச்சுக் கண்டுபிடிச்சது. 25 நிமிஷம் வேலை, 5 நிமிஷம் ஓய்வு. பண்ணிப் பாருங்களேன்.

கெடிலக்கரை:
25 நிமிஷம் யாரும் என்னைக் கூப்பிடாம இருந்தா எனக்கு எதுக்குத் தம்பி தக்காளி?

நேரு வீதி கடைக்காரர்:
இது சரியான பதில். சிரிச்சுட்டேன். ஆனாலும் சொல்றேன், தேதி நெருங்குறப்ப உங்களுக்கு ஒரு மணி நேரம் வேணும்னா சார்கிட்ட நேரா கேளுங்க. எங்க பொண்ணு ஒருத்தி கேட்டுச்சு, குடுத்தேன். டப்பாவைப் பத்தி முகம் தூக்கிட்டு இருந்தா யாருக்குத் தெரியும்? கவுன்டர்ல கஸ்டமர் நிக்கிற ஆபீஸ்ல இது நடக்காது, உங்களுது அப்படி இல்லையே.

முந்திரிக்கொட்டை:
முதலாளி குடுத்தாராம்! அந்த ஒரு மணி நேரம் டப்பாவுல உங்க போனும் இருந்துச்சா?

நேரு வீதி கடைக்காரர்:
என் போன் அடிச்சாத்தான் தம்பி உங்களுக்கெல்லாம் சம்பளம்.

கெடிலக்கரை:
கேட்டுட்டேன். 11க்கும் 20க்கும் முன்னாடி மூணு நாள், காலையில 10லேர்ந்து 11:30 வரைக்கும் பெல் கிடையாது. கூரியரை ரிசப்ஷன் பொண்ணு வாங்கிக்கும். டப்பாவை எடுக்க மாட்டேன்னுட்டாரு, அதுல சமாதானமே இல்ல.

இன்னைக்கு முதல் நாள். பத்தே முக்காலுக்கு சார் தானே எழுந்து வந்து என் டேபிள் பக்கத்துல நின்னாரு. "பெல் அடிக்கல பாத்தியா, அப்படியே வர்றப்ப..."ன்னு ஆரம்பிச்சு, என் முகத்தைப் பாத்துட்டு ஜெராக்ஸ் தாளோட அவரே போயிட்டாரு.

மஞ்சக்குப்பம் பெரியவர்:
எத்தனை பில் ஏற்றினீர்கள்?

கெடிலக்கரை:
38, ஐயா. வழக்கமா அந்த நேரத்துல 25 தாண்டாது. குறுக்கே திருப்பி வெச்சது ஒண்ணே ஒண்ணு, அதுவும் வீட்டுலேர்ந்து லேண்ட்லைன்ல போன் வந்ததால. போன்தான் டப்பாவுல இருக்கே.