காணும் பொங்கல் அன்னைக்குக் கடற்கரையில நடந்தது: உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

திருவொற்றியூர்லேர்ந்து எழுதுறேன். வருஷம் பூரா வீடே கதின்னு கிடக்கிற எங்க பொம்பளைங்க குடும்பத்தோட வெளிய கிளம்புற நாள் காணும் பொங்கல். மெரினா கூட்டத்துக்குப் பயந்து பக்கத்துலயே போகலாம்னு தியாகராஜர் கோயில்ல சாமி கும்பிட்டுட்டு, புளிசோறு, வறுத்த மீன் கட்டிக்கிட்டு மணலுக்குப் போனோம்.

கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கிற தூண்டில் வளைவுக் கல்லு மேல ஏற்கெனவே ஒரு கும்பல். பிளாஸ்டிக் டம்ளர், தண்ணி பாக்கெட், காது கிழியிற ஸ்பீக்கர். முதல்ல கண்டுக்கல. நேரம் ஆக ஆக, தண்ணியில கால் நனைக்கப் போற பொண்ணுங்களைப் பார்த்துக் கத்த ஆரம்பிச்சாங்க. ஒருத்தன் காலி பாட்டிலைக் கல்லுல அடிச்சு உடைச்சான். எங்க அத்தைக்கு எழுபது தாண்டிடுச்சு. எழுந்து போய், "கண்ணுங்களா, புள்ளைங்க விளையாடுதுங்க, கொஞ்சம் தள்ளிப் போங்கப்பா"ன்னாங்க. "நீ கம்முனு போய் சோறு துன்னு ஆயா"ன்னான் ஒருத்தன். கூட இருந்தவன் எல்லாம் சிரிச்சான்.

எனக்கு ஆறலை. ஏன்னா அதுல ஒரு பையன் எங்க தெரு. அன்னைக்குக் காலையிலதான் அதே அத்தை கால்ல விழுந்து விபூதி பூசிக்கிட்டு, கையில வெச்ச நூறு ரூபாயையும் வாங்கிக்கிட்டுப் போனான். அத்தையை அப்படிப் பேசினப்ப தலையைக் குனிஞ்சுக்கிட்டான், வாயைத் திறக்கலை. நாலு மணிக்கே பாயைச் சுருட்டிட்டோம். குடிச்சவன் உட்கார்ந்திருக்கான், சோத்துக் கூடையோட வந்த நாங்க எழுந்து போறோம்.

மாட்டுப் பொங்கல் அன்னைக்குத் திருவள்ளுவர் தினம்னு டாஸ்மாக் மூடியிருக்கும். மறுநாள் பகல் 12 மணிக்குத் திறந்ததும் அந்த ஒரு நாளுக்கும் சேர்த்துக் குடிக்கிற மாதிரி நிக்கிறாங்க. குடும்பங்க கடற்கரைக்கு வர்றதும் அதே நேரம்தான். பொது இடத்துல போதையில கிடந்தா குத்தம்னு 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டத்துலயே இருக்கு. மெரினாவுல குழந்தைங்க கையில போன் நம்பர் எழுதின பட்டை கட்டுறாங்க, கடல்ல இறங்க விடாம தடுப்பு போடுறாங்க. நல்ல வேலை. அந்தக் காவல் எங்க பக்கத்து மணலுக்கும் வரணும்.

உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க.

காசிமேட்டிலிருந்து ஒரு அக்கா:

நீங்க கிளம்பிப் போயிட்டீங்க தம்பி, நாங்க எங்க போறது? எங்களுக்கு அது பீச் இல்ல, வேலை செய்யிற இடம். மறுநாள் விடியக்காலையில வெறுங்கால்ல படகைத் தள்ளுவாங்க, வலையை உலர்த்துவாங்க. உடைஞ்ச பாட்டில் மணலுக்குள்ள புதைஞ்சு கிடந்தா எப்படித் தெரியும்? ஒரு வருஷம் என் தம்பிக்கு உள்ளங்கால்ல கண்ணாடி ஏறி, ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய்த் தையல் போட்டோம். காயம் ஆறுற வரைக்கும் கடலுக்குப் போக முடியல. அந்தக் கூலியை யாரு தருவா? இப்பல்லாம் பண்டிகை முடிஞ்ச காலையில நாங்களே சாக்கை எடுத்துக்கிட்டுப் பாட்டில் பொறுக்குறோம்.

வியாசர்பாடியிலிருந்து:

அண்ணே, எங்க தெருவுல பொங்கலுக்கு உறியடி, கோலப்போட்டி, மியூசிக்கல் சேர் எல்லாம் பசங்கதான் வீடு வீடா வசூல் பண்ணி நடத்துறோம். போன தடவை பரிசு கொடுக்கிற நேரத்துல எங்க செட்டுலயே ரெண்டு பேர் ஃபுல் மப்புல மேடையேறி மைக்கைப் புடுங்கிட்டானுங்க. கோலத்துல முதல் பரிசு வாங்கின அக்கா மேடைக்கே வரலை. குக்கரை அவங்க வீட்டுலயே போய்க் கொடுத்துட்டு வந்தோம். கொடுக்கும்போது அவங்க வீட்டுக்காரர் முகத்தை என்னால பார்க்க முடியல.

அதுக்கப்புறம் பசங்க உட்கார்ந்து பேசினோம். குடிச்சிட்டு வந்தா மேடைக்குக் கீழயும் நிக்கக் கூடாது, நண்பனா இருந்தாலும் நாங்களே கூட்டிட்டுப் போய் வீட்டுல விட்டுடணும்னு முடிவு. வசூல் நோட்டும் மைக்கும் இந்தத் தடவை தெருப் பொம்பளைங்க கையில. உங்க தெருப் பையன்கிட்டயும் ஒரு தரம் தனியா பேசுங்கண்ணே. தலையைக் குனிஞ்சான்னு சொன்னீங்களே, அவன் கேப்பான்.