திராட்சைப் பந்தலுக்குள் ஓட்ட மினி டிராக்டர்: ஜீவோவா, குபோட்டாவா?

சுருளிப்பட்டி தோட்டம்:

எல்லோருக்கும் வணக்கம். கம்பம் பக்கம் சுருளிப்பட்டியில் எங்களுக்கு மூன்று ஏக்கர் பன்னீர் திராட்சை, அதை ஒட்டி ஒரு ஏக்கர் தென்னை. வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், தோட்டம் முழுக்க என் பொறுப்பு. இதுவரை பவர் டில்லரை வைத்தே காலம் தள்ளினோம். இப்போது டில்லர் பிடிக்க ஆள் கிடைப்பதில்லை. கவாத்து முடிந்து தளிர் வரும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் அடிச்சாம்பல் நோய்க்கு உடனே மருந்து அடித்தாக வேண்டும். ஆளுக்காகக் காத்திருந்தால் பூங்கொத்து கருகிவிடும். அதனால் நானே ஓட்டுவதுபோல ஒரு மினி டிராக்டர் வாங்க முடிவு செய்துவிட்டேன்.

மஹிந்திரா ஜீவோ 245 (திராட்சைத் தோட்டத்துக்கென்றே வரும் மாடல்), குபோட்டா பி2441 இரண்டையும் பார்த்திருக்கிறேன். இரண்டுமே 24 ஹெச்.பி., நான்கு சக்கரமும் இழுக்கும். மஹிந்திராவின் ஓஜா மாடலையும் பார்க்கச் சொல்கிறார்கள். மண்ணைக் கிளறும் ரோட்டாவேட்டர் ஓட்ட வேண்டும், காற்றோடு மருந்தைத் தள்ளும் விசிறி ஸ்பிரேயரும் மாட்ட வேண்டும்.

ஷோரூம்களில் எனக்குத் தேவையான பதில் கிடைக்கவில்லை. ஓர் இடத்தில் விலையைக்கூடக் கூட வந்த என் தம்பியைப் பார்த்துத்தான் சொன்னார்கள். ஓட்டப்போவதும் பணம் கட்டப்போவதும் நான். இன்னோர் இடத்தில் ஓட்டிப் பார்க்கக் கேட்டதும் ஷோரூம் வாசலில் தார் ரோட்டில் ஒரு சுற்று விட்டார்கள். தார் ரோட்டில் எந்த வண்டிதான் ஓடாது? எல்லோரும் 'அகலம் குறைவு, அகலம் குறைவு' என்றே சொல்கிறார்கள். என் வரிசைக்கு வரிசை பத்தடி இடைவெளி இருக்கிறது, அகலம் எனக்குப் பிரச்சினையே இல்லை. பந்தல் கம்பி தரையிலிருந்து ஐந்தே முக்கால் அடி. காய்ப்பு நேரத்தில் கொத்து அதற்கும் கீழே தொங்கும்.

பந்தலுக்குள் ஓட்டுகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இரண்டு சிலிண்டர், மூன்று சிலிண்டர் என்பதில் பெரிய வித்தியாசம் உண்டா? 'மானியம் போக இவ்வளவு' என்று ஒரு விலை சொல்கிறார்களே, அதை எந்த அளவுக்கு நம்பலாம்?

கூடலூர் பந்தல்:

அக்கா, நீங்கள் பிடித்த இடம் மிகச் சரி. கம்பம் பள்ளத்தாக்கில் அகலத்தைப் பார்த்து வண்டி எடுக்கக் கூடாது, உயரத்தைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். விளம்பரத் தாளில் வண்டியின் உயரம் போட்டிருப்பார்கள். சீட்டில் ஆள் உட்கார்ந்தால் தலை எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்று எந்தத் தாளிலும் இருக்காது. அளவு டேப்பைக் கையோடு கொண்டு போங்கள். நீங்கள் சீட்டில் உட்கார்ந்து, தரையிலிருந்து உங்கள் தலை உச்சிவரை தம்பியை அளக்கச் சொல்லுங்கள். கொத்து ஓர் அடி தொங்கும் என்று வைத்தால் உங்களுக்கு மிஞ்சுவது நாலே முக்கால் அடிதான். குனிந்தபடி மூன்று ஏக்கருக்கு மருந்து அடித்தால் இடுப்பு போய்விடும்.

அடுத்தது சைலன்ஸர். மேல் நோக்கி நிற்கிற குழாய் பந்தலுக்கு ஆகவே ஆகாது. இலையையும் கொத்தையும் பொசுக்கிவிடும். கீழ்ப்பக்கம் இறங்கும் குழாய்தான் வேண்டும். பின்னால் பாதுகாப்புக் கம்பி இருந்தால் அது மடங்குகிறதா என்று கேளுங்கள்.

இரண்டு சிலிண்டரோ மூன்றோ, இழுவையில் பயப்பட ஒன்றும் இல்லை. ஜீவோவில் இரண்டு, பி2441இல் மூன்று. மூன்று சிலிண்டரில் அதிர்வு குறைவாக இருக்கும், நாள் முழுக்க ஓட்டுகிற கைக்கு அது தெரியும். அதைவிட முக்கியம் பி.டி.ஓ. சக்தி, அதாவது மாட்டிய கருவியைச் சுழற்றும் பின் தண்டுக்கு வருகிற சக்தி. பானெட்டில் எழுதியிருக்கும் 24 ஹெச்.பி. என்ஜினுடையது. பி.டி.ஓ.வில் வருவது அதைவிடக் குறைவு, வண்டிக்கு வண்டி மாறும். முதலில் ஸ்பிரேயர் கம்பெனியிடம் அந்த விசிறிக்கு எவ்வளவு பி.டி.ஓ. ஹெச்.பி. வேண்டும் என்று கேளுங்கள், வண்டியை அப்புறம் முடிவு செய்யுங்கள். மத்தியப் பிரதேசம் புத்னியில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பரிசோதனை நிலையம் இருக்கிறது. அங்கே சோதித்த அறிக்கையில் பி.டி.ஓ. சக்தி, டீசல் செலவு, லிஃப்ட் தூக்கும் எடை எல்லாம் இருக்கும். டீலரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள். இல்லை என்று சொன்னால் நகர வேண்டாம், வரவழைத்துத் தரச் சொல்லுங்கள்.

ரோட்டாவேட்டரை ஆழமாக இறக்காதீர்கள். திராட்சையின் உணவு வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் ஓடுகின்றன. களை எடுக்கும் ஆழம் போதும்.

சின்னமனூர் ஸ்பேனர்:

நான் டிராக்டர் மெக்கானிக். இரண்டு கம்பெனி வண்டியும் என் கைக்கு வருகிறது, இரண்டுமே நல்ல வண்டிதான். ஷோரூமுக்குப் போனால் வண்டியைப் பார்ப்பதற்கு முன்னால் பின்பக்கம் போய் உதிரிபாக அறையைப் பாருங்கள். ஆயில் ஃபில்டர், டீசல் ஃபில்டர், கிளட்ச் தட்டு, முன் அச்சு சீல் எல்லாம் கையிருப்பில் இருக்கிறதா? கவாத்து நேரத்தில் வண்டி நின்றால் தோட்டத்துக்கே வந்து பார்க்க ஆள் உண்டா, எத்தனை மணி நேரத்தில் வருவார் என்று கேளுங்கள். சேல்ஸ்மேனிடம் கேட்க வேண்டாம், சர்வீஸில் வேலை செய்கிற பையனிடமே கேளுங்கள். அவன் உண்மையைச் சொல்வான்.

தார் ரோட்டில் ஓட்டியபோது நான்கு சக்கர லீவரைப் போட்டிருந்தார்களா? ஈர மண்ணில்தான் அதைப் போட வேண்டும். காய்ந்த ரோட்டில் போட்டு ஓட்டினால் முன் டயரும் பல்சக்கரமும் சீக்கிரம் தேயும்.

இன்னொன்று, திராட்சைக்காரர்கள் வண்டியில் நான் அதிகம் பார்ப்பது துருதான். பூஞ்சை நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவையில் இருக்கும் மயில்துத்தம் இரும்பை அரிக்கும். மருந்து அடித்த அன்றே தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். ரேடியேட்டர் முன்வலையில் இலைச் சருகு அடைக்கும், அதைத் தினமும் தட்ட வேண்டும். வலையைக் கருவி இல்லாமல் கழற்ற முடிகிறதா என்று ஷோரூமிலேயே கழற்றிப் பாருங்கள்.

உத்தமபாளையம் ராட்டை:

மானியம் பற்றி மட்டும் சொல்கிறேன். டீலர் சொல்லும் 'மானியம் போக' விலையை நம்பி முன்பணம் கட்ட வேண்டாம். வேளாண் பொறியியல் துறையில் விண்ணப்பித்து, அனுமதி வந்த பிறகுதான் வண்டி எடுக்க வேண்டும். முதலில் வாங்கிவிட்டுப் பிறகு கேட்டால் கிடைக்காது. சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் என்பது மத்திய இயந்திரமயமாக்கல் திட்டத்தின் கணக்கு. ஆனால் அதற்கு உச்சவரம்பு உண்டு, நிதி இருப்பையும் பொறுத்தது. பட்டா உங்கள் பெயரில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். நீங்கள் எடுக்கும் மாடல் துறையின் பட்டியலில் இருக்க வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 சதவீதம் ஆகிவிட்டது. வரிக்கு முந்திய விலை 6 லட்சம் என்றால் 42,000 ரூபாய் குறையும். கொட்டேஷனில் வண்டி விலை, வரி, இன்சூரன்ஸ், பதிவுச் செலவு நான்கையும் தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள்.

சுருளிப்பட்டி தோட்டம்:

அண்ணன்மார் எல்லோருக்கும் நன்றி. பட்டா மாமனார் பெயரில்தான் இருக்கிறது. அதை மாற்றாமல் மானியத்துக்கு எழுத முடியாது என்பது இப்போதுதான் புரிகிறது, நாளைக்கே வி.ஏ.ஓ.வைப் பார்க்கிறேன்.

இரண்டு டீலர்களிடமும் வண்டியைத் தோட்டத்துக்கே கொண்டு வரச் சொல்லிவிட்டேன். என் பந்தலுக்கு அடியில், நானே சீட்டில் உட்கார்ந்து, தண்ணீர் பாய்ச்சிய வரிசையில் ஓட்டிப் பார்க்காமல் ஒரு ரூபாய்கூடத் தரமாட்டேன் என்று சொன்னதும் ஒருவர் உடனே சம்மதித்தார். மற்றவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். கூடலூர் அண்ணே, வரிசைக் கடைசியில் திரும்பும்போது கல்தூணில் ஸ்பிரேயர் இடிக்காமல் இருக்க உங்கள் தோட்டத்தில் எவ்வளவு இடம் விட்டிருக்கிறீர்கள்? என்னிடம் பன்னிரண்டு அடிதான் இருக்கிறது.