லேபிள் இருந்தும் ரேஸ் சூட்டை ஸ்க்ரூட்டினியில் (போட்டிக்கு முந்தைய சோதனையில்) ஒதுக்கிவிட்டார்கள், என்ன குறை?

கார்ட் அப்பா, கோவை:
மகள் நாலு வருஷம் கார்ட் என்கிற சின்ன ரேஸ் வண்டி ஓட்டிவிட்டு இந்த சீசன் ஒற்றை இருக்கை ஃபார்முலா காருக்கு மாறியிருக்கிறாள். தெரிந்தவரிடம் தீயைத் தாங்கும் பழைய மூன்றடுக்கு சூட் ஒன்று வாங்கினேன். காலருக்குப் பின்னால் சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் தர எண், எஃப்ஐஏ 8856-2000 என்று நூலில் தைத்திருக்கிறது. கிழிசல், கறை எதுவும் இல்லை. ஸ்க்ரூட்டினியில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஆகாது என்று வைத்துவிட்டார்கள். அன்றைக்கு வேறொரு டீம் சூட் கொடுத்து உதவியது. அவளுடைய கார்ட் சூட்டே நல்ல நிலையில்தான் இருக்கிறது, அதைப் போடலாமா?

பிட் லேன் 7:
புதிதாக 8856-2018 தரம் வந்துவிட்டது, அதனால் இருக்கும். 2018 தர லேபிளில் எந்த வருஷத்துக்குப் பிறகு செல்லாது என்றே போட்டிருப்பார்கள், தயாரித்ததிலிருந்து 10 வருஷம்.

பழைய மெக்கானிக்:
தரம்தான் சிக்கல் என்றால் காலரைப் பார்த்ததுமே சொல்லியிருப்பார்கள். உள்ளே எதற்குத் திருப்பினார்கள்? பேட்ச் ஏதாவது தைத்தீர்களா?

கார்ட் அப்பா, கோவை:
ஆமாம் சார். நெஞ்சில் இரண்டு ஸ்பான்சர் பேட்ச், எங்கள் தெரு டெய்லர் தைத்தார். இடுப்பையும் கொஞ்சம் பிடித்துக் கொடுத்தார்.

பழைய மெக்கானிக்:
அதுதான். எஃப்ஐஏ விதிப்படி பேட்ச் தையல் வெளி அடுக்கோடு நிற்க வேண்டும். பேட்சின் பின்துணியும் நூலும் தீப்பிடிக்காத வகையாக இருக்க வேண்டும். உங்கள் டெய்லர் மூன்று அடுக்கையும் சேர்த்து ஓட்டியிருக்கிறார். அடுக்குகளுக்கு நடுவில் நிற்கும் காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது. தையல் அதை அமுக்கிவிட்டால் அந்த இடத்தில் வெப்பம் நேரே தோலுக்கு வரும். சாதா பாலியஸ்டர் நூலென்றால் உருகி ஒட்டும். இடுப்பை இறுக்கியதும் இதே தப்புதான், சூட் தளர்வாகத்தான் இருக்க வேண்டும். பிரித்து எடுத்தாலும் ஊசித் துளை நிற்கும். தயாரித்த கம்பெனி சரிசெய்து தராவிட்டால் அந்த சூட்டை விட்டுவிடுங்கள், மனசு கேட்காதுதான்.

கார்ட் சூட் வேண்டவே வேண்டாம். கார்ட்டில் சீட் பெல்ட் கிடையாது, விழுந்தால் தரையில் உராயும். கார்ட் சூட்டுக்கான தரம் உராய்வைத்தான் சோதிக்கிறது, தீயை அல்ல.

உள்ளே என்ன போடுகிறாள்?

கார்ட் அப்பா, கோவை:
காட்டன் டி-ஷர்ட்.

பழைய மெக்கானிக்:
அதையும் மாற்றுங்கள். உள்ளாடை, பாலகிளாவா (ஹெல்மெட்டுக்குள் போடும் தலை உறை), சாக்ஸ், கையுறை, ஷூ எல்லாவற்றுக்கும் 8856 லேபிள் வேண்டும். 2020 பஹ்ரைன் போட்டியில் ஃபார்முலா 1 ஓட்டுநர் ரோமான் குரோஷான் 27 விநாடி தீக்குள் இருந்துவிட்டு வெளியே வந்தார். வெந்தது கைகள். மெல்லிய கையுறை இருந்த இடத்தில்தான் காயம். சூட் ஒன்றை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

பிட் லேன் 7:
அண்ணன் சொன்னது சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன். வாங்குவதற்கு முன் அந்தப் போட்டியின் துணை விதிமுறையில் எந்தத் தரம் கேட்கிறார்கள் என்று படித்துவிடுங்கள். ஆன்லைனில் மலிவாக வரும், எஸ்எஃப்ஐ என்கிற அமெரிக்கத் தர சூட்டை எஃப்ஐஏ கேட்கும் இடத்தில் ஏற்க மாட்டார்கள்.

கார்ட் அப்பா, கோவை:
ரொம்ப நன்றி. பழைய சூட்டை இனி அவளுக்குப் போட மாட்டேன். 2018 தரத்திலேயே பார்க்கிறேன். அவள் இன்னும் வளர்கிற வயசு, ஒரு அளவு பெரிதாக எடுத்துவிட்டு கையை மடித்துப் போட்டுக்கொள்ளலாமா?

பழைய மெக்கானிக்:
உடம்பில் தளர்வு பரவாயில்லை. கை, கால் நுனி மட்டும் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சரியாகப் பிடிக்கும் அளவு பாருங்கள். கையுறைக்கும் சூட்டுக்கும் நடுவில் தோல் தெரியக் கூடாது.