தேயிலை மலையில் எடுத்த தெர்மல் படங்கள் ஒட்டவில்லை

இலங்கையில், கொஸ்லந்தைக்கு மேலே ஒரு தோட்டத்தில், சரிவில் தண்ணீர் கசியும் இடங்களைக் கண்டுபிடிக்க ட்ரோன் பறக்கவிட்டோம். 2014இல் மண்சரிவு வந்த மீரியபெத்தைப் பக்கம்தான். ஐப்பசி மழைக்கு முன்னால் வரைபடம் கைக்கு வர வேண்டும்.

ட்ரோன் மாவிக் 3 தெர்மல். வெப்பக் கேமரா 640×512 தான். படங்களை ஒட்டி வரைபடம் ஆக்கும் மென்பொருள் மெட்டாஷேப். ஆகஸ்ட் கடைசியில், விடியற்காலையில், மூடுபனி ஏறுவதற்குள் எடுத்த படங்கள். ஓவர்லாப் (அடுத்தடுத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் அளவு) 80 வீதம்.

சாதாரண கலர்ப் படங்கள் இதே மென்பொருளில் அழகாகச் சேர்கின்றன. தெர்மலில் ரோடு, லயக் கூரை, கான் (வடிகால்) உள்ள இடங்கள் மட்டும் சேர்கின்றன. தேயிலை வரும் இடமெல்லாம் ஓட்டை. எல்லாச் செடியும் ஒரே சூட்டில் இருந்தால் மென்பொருளும் எதைத்தான் பிடிக்கும்?

ட்ரோன் தரும் ஆர்-ஜேபெக் (வெப்ப விவரம் உள்ள ஜேபெக்) கோப்புகளை, ட்ரோன் நிறுவனத்தின் டிஜேஐ தெர்மல் எஸ்டிகே என்ற கருவி மூலம் வெப்பநிலை டிஃப் (TIFF) படங்கள் ஆக்கினேன். அதில் ஜிபிஎஸ் விவரம் போய்விட்டது. படத்தின் விவரங்களை மாற்றும் எக்ஸிஃப்டூலால் திரும்ப ஏற்றினேன். கீ பாயிண்ட் (படங்களைப் பொருத்த மென்பொருள் தேடும் அடையாளப் புள்ளி) எல்லையைக் கூட்டினேன், கான்ட்ராஸ்டையும் இழுத்துப் பார்த்தேன். சரிவரவில்லை. உயரத்தைக் கூட்டிப் பறந்தால் சின்னக் கசிவுகள் தெரியாது.

இரண்டு கேமராவும் ஒரே நேரத்தில் எடுத்தவைதான். அப்படியானால், கலர்ப் படங்களில் கிடைத்த கேமரா நிலைகளைத் தெர்மல் படங்களுக்குக் கொடுத்து ஆர்த்தோ (நேர் மேலிருந்து பார்ப்பது போல் ஒட்டிய படம்) எடுப்பது எப்படி?