ஐந்தாண்டு முடியும் முன்னரே பிட் அமைப்பைக் கலைக்க வழி உண்டா? (இங்கிலாந்து)

மளிகைக் கடைக்காரர் (கேள்வி):
வணக்கம். இங்கிலாந்தின் சிறு நகரம் ஒன்றில் மளிகைக் கடை நடத்துகிறேன். பிட் எனப்படும் வணிக மேம்பாட்டு வட்டாரம் (வணிகர்களின் வாக்கெடுப்பால் ஐந்தாண்டு வரை அமைந்து, அவர்களிடம் கட்டாயக் கட்டணம் பெற்றுக் கூடுதல் சேவைகள் செய்யும் ஏற்பாடு) எங்கள் நகர மையத்தில் மூன்றாவது ஆண்டாக நடைபெறுகிறது. என் கடையின் ரேட்டபிள் பெறுமதி (வரிக்காக மதிப்பிட்ட ஆண்டு வாடகைப் பெறுமதி) 11,000 பவுண் என்பதால், சிறு வணிகச் சலுகையின் கீழ் பிஸ்னஸ் ரேட்ஸ் என்னும் வணிகக் கட்டட வரி எதுவும் கட்டுவதில்லை. ஆயினும் அந்தப் பெறுமதியில் 1.5 சதவீத லெவியாக, அதாவது பிட் கட்டணமாக, 165 பவுண் கட்டும்படி கவுன்சிலிலிருந்து பில் வருகிறது. பூந்தொட்டிகளும் நத்தார் விளக்குகளும் பிரதான வீதியோடு நின்றுவிடுகின்றன. எங்கள் ஒழுங்கைக்கு ஒன்றும் வருவதில்லை. பிட் அமைப்பின் இயக்குநர்களைத் தெரிவு செய்தவர்கள் யார் என்று எழுதிக் கேட்டேன், பதில் கிடைக்கவில்லை.

கலிபோர்னியாவில் கடை வைத்திருக்கும் என் மைத்துனர், லெவியில் பாதியைக் கட்டுபவர்கள் கையெழுத்திட்டால் கலைத்துவிடலாம் என்கிறார். நாங்களும் கையெழுத்துத் திரட்டலாமா? அதுவரை லெவியைக் கட்டாமல் இருக்கலாமா?

முன்னாள் பிட் இயக்குநர்:
ஐயா, முதலில் லெவியைக் கட்டிவிடுங்கள். பிஸ்னஸ் ரேட்ஸ் நிலுவையை வசூலிக்கும் அதே முறையில் இதையும் வசூலிக்கக் கவுன்சிலுக்கு அதிகாரம் இருக்கிறது. மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் ஆணை பெற்றால் அதன் செலவும் உங்கள் தலையில் விழும்; சேவை வரவில்லை என்பது அங்கே எடுபடாது. ரேட்ஸ் சலுகை லெவிக்குத் தானாகப் பொருந்தாது. சிறு கடைகளுக்கு விலக்கு உண்டா என்பதை வாக்கெடுப்புக்கு வைக்கப்பட்ட திட்ட ஆவணம்தான் தீர்மானிக்கும்; அதை ஒருமுறை முழுதாக வாசித்துப் பாருங்கள்.

மைத்துனர் சொல்வது அவருடைய மாநிலத்துக்குச் சரி. கலிபோர்னியாவின் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வோர் ஆண்டும் 30 நாள் கொண்ட ஒரு காலம் திறக்கிறது; அதற்குள் மொத்த லெவியில் 50 சதவீதமோ அதற்கு மேலோ கட்டுபவர்கள் மனுக் கொடுத்தால், நகரசபை கலைப்பதற்கான தீர்மானத்தை முன்வைத்து விசாரணை நடத்தியே ஆக வேண்டும். இங்கிலாந்தின் 2003ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்திலோ 2004ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளிலோ லெவி கட்டுபவர்களுக்கு அத்தகைய உரிமை இல்லை. இடையில் முடிவுக்குக் கொண்டுவரக் கூடியவை இரண்டே தரப்புகள். பிட் அமைப்பிடம் போதிய நிதி இல்லை என்று கருதினால், சரிசெய்ய அவகாசம் கொடுத்த பின் கவுன்சில் நிறுத்தலாம். சேவைகள் இனித் தேவையில்லை என்றோ, தன் கட்டுப்பாட்டை மீறிய காரணத்தால் வழங்க இயலவில்லை என்றோ பிட் அமைப்பே நிறுத்தலாம். உங்கள் கையெழுத்துகள் அவர்களுக்கு நெருக்கடி கொடுக்கலாம், ஆனால் கட்டுப்படுத்தாது. இது பெரிய குறைபாடு என்பதே என் எண்ணம்; கட்டாயமாகப் பணம் எடுக்கும் அமைப்பிலிருந்து இடையில் விலகக் கட்டுபவர்களுக்கும் ஒரு வாசல் இருந்திருக்க வேண்டும்.

கணக்காளர்:
மேலே சொன்னது சரி. நிர்வாகத்தைப் பொறுத்தவரை உங்கள் கையில் இருப்பது கம்பனிச் சட்டம். பெரும்பாலான பிட் அமைப்புகள் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட (பங்குகளுக்குப் பதில் உறுப்பினர்களைக் கொண்ட), இலாப நோக்கற்ற கம்பனிகள். லெவி கட்டுவதால் மட்டும் ஒருவர் அதன் உறுப்பினராகிவிடுவதில்லை. பல இடங்களில் ஒரு படிவத்தை நிரப்பி விண்ணப்பித்தால்தான் உறுப்புரிமை கிடைக்கும். உங்கள் ஒழுங்கையில் உள்ள அனைவரும் உடனே விண்ணப்பியுங்கள். 2006ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டப்படி, வாக்குரிமையில் 5 சதவீதம் வைத்திருக்கும் உறுப்பினர்கள் பொதுக்கூட்டம் கூட்டும்படி இயக்குநர்களைக் கோரலாம். உரிய முன்னறிவித்தல் கொடுத்து, சாதாரணப் பெரும்பான்மையால் ஓர் இயக்குநரை நீக்கவும் முடியும். சங்க விதிகளையும் ஆண்டுக் கணக்குகளையும் கம்பனிகள் பதிவகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

பிட் கம்பனி பதில் சொல்லாவிட்டாலும் கவுன்சில் சொல்லியாக வேண்டும். லெவிப் பணம் தனிக் கணக்கொன்றில்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் கணக்கு விவரத்தையும், கவுன்சில் தன் வழக்கமான துப்புரவு, விளக்கு வேலைகளில் எதை எந்த அளவில் தொடர்வதாக ஒப்புக்கொண்டது என்ற ஒப்பந்தத்தையும் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் கேளுங்கள். 20 வேலைநாட்களுக்குள் பதில் வர வேண்டும்.

மளிகைக் கடைக்காரர்:
மிக்க நன்றி. அப்படியானால் உண்மையான முடிவு ஐந்தாம் ஆண்டில்தான் வரும் என்று புரிகிறது. பெரிய கடைகள் எல்லாம் ஆதரித்தால் எங்கள் வாக்குக்குப் பலன் இருக்குமா?

முன்னாள் பிட் இயக்குநர்:
நிச்சயமாக இருக்கும். ஐந்தாண்டுக்கு மேல் நீடிக்கப் புதிய வாக்கெடுப்புத் தேவை, அதில் இரண்டு பெரும்பான்மைகளும் சேர்ந்து கிடைக்க வேண்டும்: வாக்களித்தவர்களின் எண்ணிக்கையில் ஒன்று, அவர்களுடைய மொத்த ரேட்டபிள் பெறுமதியில் மற்றொன்று. பெரிய கடைகள் பெறுமதியில் வென்றாலும், எண்ணிக்கையில் நீங்கள் முந்தினால் புதுப்பித்தல் தோற்றுவிடும். தற்போதைய காலம் முடியும் நாளோடு லெவியும் நின்றுவிடும். குறைந்தபட்ச வாக்களிப்பு வீதம் என்று எதுவும் இல்லாததால், வாக்களிக்காமல் இருப்பது எதிர்ப்பாகக் கணக்கிடப்படாது.

வாக்குச்சீட்டு தபாலில்தான் வரும். பழைய குத்தகைக்காரரின் பெயருக்கு அனுப்பப்பட்டு, பிரிக்கப்படாமலே கிடந்த உறைகளைப் பல கடைகளில் கண்டிருக்கிறேன். ஆகவே கவுன்சிலின் பதிவில் உங்கள் பெயரும் முகவரியும் சரியாக உள்ளனவா என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். ஒருவருக்கு இரண்டு கடைகள் இருந்தால், தனித்தனியாக மதிப்பிடப்பட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கு உண்டு. சீட்டு கடைசி நாள் மாலை 5 மணிக்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அன்று தபாலில் போட்டால் போதாது.