"ஒண்ணு இல்லீங்க டீச்சர், லாபம்!" எல்கேஜி, யூகேஜி கணக்கு அனுபவங்கள்

கோபி யூகேஜி டீச்சர்:

கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு நர்சரி பள்ளியில் யூகேஜி எடுக்கிறேன். போன தை மாசம் நடந்த ஒரு விஷயம் இன்னும் மனசை அரிக்கிறது. சொல்லிவிட்டு, உங்கள் அனுபவத்தையும் கேட்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

என் வகுப்பில் ஒரு பாப்பா. ஒன், டூ, த்ரீ என்று நூறு வரைக்கும் மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்லிக் காட்டச் சொல்வார்களாம். ஒரு நாள், "கண்ணு, அஞ்சு புளியங்கொட்டை எடுத்துட்டு வா" என்றேன். இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்தாள். எண்ணச் சொன்னால் வாய் பத்தைத் தாண்டி ஓடுகிறது, விரல் நாலாவது கொட்டையிலேயே நிற்கிறது. "மொத்தம் எத்தனை?" என்று கேட்டேன். பதில் இல்லை, மறுபடி ஒன்னிலிருந்து ஆரம்பிக்கிறாள். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பதே அவளுக்குப் பிடிபடவில்லை. நூறு வரை சொல்வது அவளுக்குப் பாட்டு மாதிரி.

அடுத்து ஒரு பையன். தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல் போடுகிற குடும்பம். இங்கிலீஷில் பத்து வரைக்கும்கூடத் திக்குவான். கொட்டைகளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான். ஒவ்வொன்றாக எடுத்து அந்தப் பக்கம் வைத்து, "லாபம்... ரெண்டு... மூணு..." என்று எண்ணினான். எண்ணியது தனி, எண்ணாதது தனி. ஆறாவதை வைத்துவிட்டு நிமிர்ந்து, "ஆறு இருக்குதுங் டீச்சர்" என்றான்.

நான் என்ன செய்தேன்? "லாபமா? அதென்னடா? ஒண்ணுன்னு சொல்லு" என்றேன். பிள்ளைகள் எல்லாம் சிரித்துவிட்டார்கள், நானும் சிரித்தேன். அந்த வாரம் முழுக்க அவன் கொட்டை டப்பா பக்கமே வரவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டிப்போக வந்த அவன் அப்பாருகிட்ட (தாத்தாகிட்ட) இதை வேடிக்கையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அம்மிணி, களத்துல நெல்லளக்கறப்ப மொத வள்ளத்தை ஒண்ணுன்னு சொல்லமாட்டமுங்க. லாபம்னுதான் ஆரம்பிக்கோணும். இவன் எங்கூடவே களத்துல கெடப்பான்" என்றார். வள்ளம் என்றால் நெல் அளக்கிற பாத்திரம். கோயமுத்தூர் டவுனில் வளர்ந்த எனக்கு இது தெரியவே தெரியாது. ஒரு பொருளுக்கு ஒரு சொல், தினமும் அதே வரிசை, கடைசிச் சொல்தான் மொத்தம் என்று எண்ணுவதற்கு வேண்டிய எல்லாமே அவனிடம் இருந்தது. முதல் சொல்லின் பேர் மட்டும்தான் வேறு. வகுப்பிலேயே ஒழுங்காக எண்ணத் தெரிந்த ஒருத்தனைத்தான் நான் வாயடைத்துவிட்டேன்.

திருப்பூர் பிசிறுக்காரம்மா:

கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க டீச்சர். நான் பனியன் கம்பெனியில பீஸ் வாங்கியாந்து ஊட்டுல பிசிறு வெட்டறவ. பீஸுக்குத்தான் காசு, எண்ணிக்கை தப்பவே கூடாது. பத்துப் பத்தா அடுக்கி, வேஸ்ட் துணியக் கிழிச்சு ஒரு கட்டு போடுவேன்.

என்ற பையன் யூகேஜி. 13-ஐயும் 30-ஐயும் மாத்தி மாத்திச் சொல்லுவான். தேர்ட்டீன், தேர்ட்டி ரெண்டும் அவன் காதுல ஒண்ணாத்தான விழுது? டைரியில செவப்பு மையில எழுதி உட்டாங்க. ஒரு நா ராத்திரி கட்டு போட்டது போக மூணு பீஸ் மிச்சம். "எத்தனைடா சாமி?"ன்னேன். கட்டைத் தொட்டு "பத்து"ன்னான். மிச்சத்தத் தொட்டு "மூணு"ன்னான். கொஞ்ச நேரம் பேச்சே காணோம். அப்பறம் மெதுவா, "பதி... மூணு. அம்மா, பதிமூணுக்குள்ளயே மூணு இருக்குதும்மா!" நான் மூணு கட்ட எடுத்து ஒட்டுக்கா வெச்சேன், "முப்பது"ன்னான். அன்னியிலிருந்து 13, 30 கொழம்பறதில்ல. இங்கிலீஷ்ல கேட்டாலும் மனசுக்குள்ள தமிழ்ல கட்டு போட்டுட்டுத்தான் சொல்றான்.

இருபத்தி ஒம்பதுக்கு அப்பறம் "இருபத்தி பத்து"ன்னு போறான், அது தப்பில்ல பாருங்க, கட்டுதான் இன்னும் போடல. ஆனா ஒண்ணு: எழுபது, எண்பது எல்லாம் சரி, தொண்ணூறுல மட்டும் நூறு எப்படி வந்துதுன்னு கேக்கறான். எனக்குத் தெரியல. யாராச்சும் சொல்லுங்களேன்.

பெருந்துறை அப்பா:

நீங்களாவது புளியங்கொட்டை குடுக்கறீங்க. எம் பொண்ணு எல்கேஜி, தினம் 1 முதல் 50 வரைக்கும் ரெண்டு பக்கம் எழுதிட்டு வரச் சொல்றாங்க. 7-ஐத் திருப்பிப் போட்டுட்டு அழுவுறா. கணக்குன்னா கை வலின்னு நெனச்சுட்டு இருக்கா. போய்க் கேட்டா, "மத்த பேரண்ட்ஸ் இன்னும் வேணும்கறாங்க சார்"னு பதில். யாருங்க அந்த மத்த பேரண்ட்ஸ்?

காங்கேயம் அரசுப் பள்ளி ஆசிரியர்:

முதலில் தொண்ணூறு. பழந்தமிழில் ஒன்பதுக்குத் தொண்டு என்று ஒரு பேர் உண்டு. அந்தத் தொண்டுதான் தொண்ணூறிலும் தொள்ளாயிரத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் பத்து இருக்கவேண்டிய இடத்தில் நூறு எப்படி வந்தது என்று இலக்கணக்காரர்களே மல்லுக்கட்டியிருக்கிறார்கள். உங்கள் பையன் சாதாரண ஆள் இல்லை.

நான் ஒன்றாம் வகுப்பு எடுக்கிறேன். 2022-ல் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு வகுப்பில் பொருள்களை வைத்துச் சொல்லிக்கொடுப்பது கூடியிருக்கிறது. ஆனால் பொருளை வைத்தாலும் நாம் கேட்கிற விதத்தில் கோட்டை விடலாம். ஆசிரியர் பயிற்சியில் பியாஜே என்ற குழந்தை உளவியலாளரின் சோதனையைப் படித்திருப்போம்: இரண்டு வரிசையில் சமமாகக் காசு வைத்து, ஒரு வரிசையை மட்டும் இடைவெளி விட்டு நீட்டினால், சின்னப் பிள்ளைகள் நீளமான வரிசையில்தான் அதிகம் என்பார்கள். நானும் நிலக்கடலையை வைத்துச் செய்து பார்த்தேன். பெரும்பாலும் அப்படியேதான் சொன்னார்கள்.

இன்னொரு நாள் வீட்டில் என் மகளுக்கு அதே மாதிரி இரண்டு வரிசை வைத்தேன். ஆட்டுக்குட்டி உள்ளே புகுந்து ஒரு வரிசையைக் காலால் கலைத்துவிட்டது. "இப்ப எதுல அதிகம்?" என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான், குட்டிதான கலைச்சுது" என்றாள்! 1970-களில் ஸ்காட்லாந்தில் உளவியலாளர் மார்கரெட் டொனால்ட்சனும் அவர் கூட இருந்தவர்களும் இதையே ஒரு கரடி பொம்மையை விட்டுக் கலைத்துச் செய்திருக்கிறார்கள். பொம்மை கலைத்தபோது சரியாகச் சொன்ன பிள்ளைகள் கூடுதல். டீச்சரே கலைத்துவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால், முதலில் சொன்னது தப்பு போலிருக்கிறது என்று பிள்ளை பதிலை மாற்றிவிடுகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். அதிலிருந்து ஒரு தடவை சரியாகச் சொன்ன பிள்ளையிடம் "நல்லா யோசிச்சுச் சொல்லு" என்று சொல்வதை விட்டுவிட்டேன். நாக்கு நுனி வரை வரும், கடித்துக்கொள்வேன்.

உடுமலை அப்புச்சி:

பேத்திக்குப் பல்லாங்குழிதானுங்க பள்ளிக்கூடம். 14 குழி, குழிக்கு அஞ்சு முத்து. நாலு சேர்ந்தா பசு, எடுத்துக்கலாம். மொதல்ல விரல் வெச்சு எண்ணுவா. இப்ப எட்டிப் பாத்ததுமே "பசு!"ன்னு அள்ளிக்கறா, எண்ணறதே இல்ல. எந்தக் குழியில எடுத்தா கடேசி முத்து எங்க உழும்னு முன்னாடியே கண்ணால ஓட்டிப் பாக்கறா. நான் ஒரு முத்தை மடியில ஒளிச்சா கண்டுபுடிச்சுடறா. அவ ஒளிக்கறதைத்தான் என்னால கண்டுபுடிக்க முடியலீங்க.

கோபி யூகேஜி டீச்சர்:

எல்லாருக்கும் நன்றிங்க. தொண்ணூறு விஷயத்தை நாளைக்கே வகுப்பில் சொல்லப் போகிறேன்.

மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த திங்கட்கிழமை அந்தப் பையனை முன்னால் கூப்பிட்டு, "எனக்குத் தெரியாம சிரிச்சுட்டேன் சாமி, நெல்லு எப்படி அளப்பாங்கன்னு எல்லாருக்கும் காட்டு" என்றேன். தண்ணீர் டம்ளரில் மணலை மொண்டு, தலை தட்டி, அப்பாரு குரலிலேயே "லாபம்..." என்று இழுத்தான். அளந்து முடித்ததும் "எட்டு" என்று விரலைக் காட்டினான். நூறு ஒப்பிக்கிற பாப்பாவும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அளக்க ஆரம்பித்தாள். இப்போது "அஞ்சு எடுத்துட்டு வா" என்றால் அஞ்சுதான் வருகிறது.

ஆனால் இப்போது வகுப்பில் பாதிப் பேர் "லாபம், டூ, த்ரீ" என்று எண்ணுகிறார்கள். ஒரு அப்பா மேனேஜ்மென்ட்டிடம் புகார் கொடுத்துவிட்டார். வருகிற சனிக்கிழமை பேரண்ட்ஸ் மீட்டிங். பையனின் அப்பாருவையும் வரச் சொல்லியிருக்கிறேன். வள்ளத்தையும் எடுத்துட்டு வரட்டுமான்னு கேட்டார், எடுத்துட்டு வாங்கன்னு சொல்லிவிட்டேன்.