மையோடி இல்லாத சுண்டெலிக்கும் தசை இருக்கிறதே, எப்படி?

கேள்வி:
1987-இல் ஃபைப்ரோபிளாஸ்ட் (இணைப்புத் திசு) செல்லுக்குள் மையோடி என்ற ஒரே மரபணுவைச் செலுத்தி அதைத் தசைச் செல்லாக மாற்றிக் காட்டினார்கள். சரி, அதுதான் தலைமைச் சுவிட்ச் என்றால், 1992-இல் மையோடியை நீக்கிய சுண்டெலி எப்படித் தசையோடு பிறந்து வளர்ந்தது? இன்னொன்று, எங்கள் லேபில் வளர்க்கும் சி2சி12 (தசையாகக்கூடிய சுண்டெலிச் செல் வகை) செல்களில் மையோடி எப்போதும் இருக்கிறது, ஆனால் அவை பாட்டுக்குப் பெருகிக்கொண்டே இருக்கின்றன, தசை நார் ஆக மாட்டேன் என்கின்றன. யார் தடுப்பது?

பதில் 1:
மையோடிக்கு மிஃப்5 என்று அதே குடும்பத்தில் ஒரு தம்பி மரபணு உண்டு, அண்ணன் இல்லாவிட்டால் கூடுதலாக உழைத்துச் சமாளித்துவிடும். 1993-இல் இரண்டையும் சேர்த்து நீக்கியபோது குட்டிகளுக்கு எலும்புத்தசையே இல்லை, தசையாகப் போகும் முன்னோடிச் செல்லான மையோபிளாஸ்ட்கூட உருவாகவில்லை. அதே குடும்பத்தின் இன்னொரு மரபணுவான மையோஜெனினை மட்டும் நீக்கினால் கதையே வேறு: மையோபிளாஸ்ட்கள் இருக்கும், ஒழுங்காகத் தசை நாராக முதிராது, குட்டி பிறந்தவுடன் இறந்துவிடும்.

பதில் 2:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மையோடி மரபணு தரும் புரதம் தனியாக டிஎன்ஏவில் உட்கார்ந்து வேலை செய்யாது, இ-புரதம் என்ற வகையில் ஒன்று ஜோடியாக வேண்டும். வளர்ப்பு ஊடகத்தில் சீரம் (வளர்ச்சியைத் தூண்டும் இரத்தநீர்) தாராளமாக இருக்கும்வரை ஐடி என்ற புரதம் செல்லில் நிறைய இருக்கும். அதற்கு டிஎன்ஏவைப் பிடிக்கும் பகுதியே கிடையாது, ஆனால் இ-புரதத்தை முதலில் போய்ப் பிடித்துக்கொள்ளும். மையோடிக்கு ஜோடி கிடைக்காது, அவ்வளவுதான் சூட்சுமம். செல்கள் நெருக்கமாக வளர்ந்தபின் 2% குதிரை சீரத்துக்கு மாற்றிப் பாருங்கள்: ஐடி குறையும், பி21 என்ற புரதம் ஏறிச் செல் பெருக்கத்தை நிறுத்தும், மையோஜெனின் தலைகாட்டும், அப்புறம் சில நாட்களில் செல்கள் வரிசையாக ஒட்டி இணைந்து, பல உட்கருக்கள் கொண்ட நீளக் குழாய்கள் ஆகிவிடும். அதன்பின் மறுபடி சீரம் ஊற்றினாலும் அந்தக் குழாய்கள் பிரியாது.

பதில் 3:
“தலைமைச் சுவிட்ச்” என்ற பேச்சே எனக்கு உறுத்தல்தான். மனிதக் கருநிலைத் தண்டுச் செல்லில் மையோடியை மட்டும் செலுத்தினால் தசை ஆகாது, குரோமாட்டினை (டிஎன்ஏ புரதங்களோடு சுருண்டிருக்கும் கட்டை) திறந்துவிட பிஏஎஃப்60சி என்ற புரதமும் வேண்டும். ஃபைப்ரோபிளாஸ்டில் சுலபமாக நடந்ததை எல்லாச் செல்லுக்கும் பொதுவாக்கிவிட்டோம்.

கேட்டவர்:
நன்றி. சி2சி12 தட்டு நிரம்பும்வரை விட்டு அப்புறம்தான் செல்களைப் புதுத் தட்டுகளுக்குப் பிரிக்கிறேன், அதில் சிக்கல் வருமா?

பதில் 2:
வரும். நிரம்ப விட்டால் நன்றாகத் தசையாகக்கூடிய செல்கள்தான் முதலில் இணைந்து கணக்கிலிருந்து போய்விடும், மிச்சம் நிற்பது சோம்பேறிக் கூட்டம். தட்டு முக்கால்வாசி நிரம்பும் முன்பே பிரித்துவிடுங்கள்.